கடுக்காய் மையில் எழுதிய பாட்டன் பெயர்

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால், எடுத்தவரின் உள்ளங்கையில் செம்பழுப்பாக ஒரு தூள் ஒட்டிக்கொள்ளும். வேட்டியில் துடைத்தால் கறை. புத்தகத்தின் முதுகுத்தோல் மாவாக உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வேறு ஊர்க்காரருக்கு அது வெறும் தூசி. வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் நடுவே, நாட்றம்பள்ளிப் பக்கம் பிறந்தவருக்கு வேறு நினைவு வரும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் அல்லவா அது!

சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான ஆட்டுத்தோல் லண்டன் சந்தையில் ‘பெர்ஷியன்’ என்ற பெயரில் விலைபோனது. பாரசீகத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மலிவாகக் கிடைத்ததால் புத்தகம் கட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நூலகங்களில் புத்தக அட்டைகள் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியதும் லண்டனின் கலைகள் சங்கம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. 1901-இல் வந்த அறிக்கை நம் பக்கத்துத் தோலின் மானத்தை வாங்கிவிட்டது. வேறு பல வேலைகளுக்குச் சரி, புத்தகம் கட்ட இது மிக மோசமான தோல், பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே சிதைவு தெரிந்த புத்தகங்களும் உண்டு என்றது அது. ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சத்து காற்றிலிருக்கும் கந்தக அமிலத்தை இழுத்துக்கொண்டு தோலை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடுகிறது என்பது காரணம்.

அட்டையைத் திறந்தால் மை. அதுவும் டேனரிக்கு உறவுதான். தோலுக்குக் கடைசி மெருகு கொடுக்கப் போடும் கடுக்காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதி கலந்தால் கருநீல மை கிடைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் தாலுகா கச்சேரி குமாஸ்தா வரை ஒரு காலத்தில் அதில்தான் எழுதினார்கள். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்து மாசிக்காய். மற்றபடி பக்குவம் ஒன்றே. இந்த மை தாளில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் கரையாது. அன்னபேதி கூடிப்போனால் மட்டும் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். பெயர் போய், பெயரின் துளை மிஞ்சும்.

மீதியை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

இத்தனையும் தாண்டித் தப்பிய பக்கங்களில்தான் வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் பூட்டனையும் ஓட்டனையும் தேட வேண்டியிருக்கிறது. கல்வெட்டில் பெயர் இடம்பெற நிலமோ கோயிலுக்குக் கொடுக்கப் பொன்னோ வேண்டும். ஓலைப் பத்திரத்துக்குச் சொத்து வேண்டும். கூலிக்காரனின் மகளுக்கு, அவள் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் சேர்த்து, ஒரு தனி வரி கிடைத்த இடம் அந்தக் காலத்தில் வேறெங்கே இருந்தது? ஆனால் பின்னால் பேரன் வந்து தேடுவான் என்று நினைத்து எந்தச் சாமியாரும் அந்த வரியை எழுதவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவருடைய சொந்தத் தலைவலி ஒன்று காரணமாக இருந்தது. அந்தத் தலைவலி என்ன என்று தெரிந்தால்தான் பதிவேடு வாய் திறக்கும்.

அந்தக் கதை திரிதெந்து என்ற ஊரில் தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் 1563-இல் அங்கே கூடி, திருமணங்களைப் பங்குச் சாமியார் புத்தகத்தில் எழுதியாக வேண்டும் என்று விதித்தது. சாட்சியில்லாமல் இரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு ‘செய்யவேயில்லை’ என்று சாதித்தவர்கள் அவ்வளவு பேர். ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரை எழுதச் சொன்னதும் அதே சங்கம். பிள்ளையைக் கையில் ஏந்தியவருக்கும் பிள்ளையின் குடும்பத்துக்கும் ஞான உறவு உண்டாகிவிடுகிறது, அந்த உறவுக்குள் பெண் எடுக்கக் கூடாது என்பது சட்டம். யார் யாருக்கு முறை, யார் யாருக்கு முறையில்லை என்று பார்க்க ஒரு கணக்கு வேண்டுமே! 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஐந்து புத்தகங்கள் வைக்கச் சொன்னது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, ஐந்தாவதாகப் பங்கில் வீடு வீடாக எடுத்த ஆன்மக் கணக்கு. இங்கிலாந்து இதில் முந்திக்கொண்டது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-லேயே கோயில்தோறும் பதிவேடு வைக்க உத்தரவிட்டார்.

தமிழ்க் கடற்கரைக்கு இந்த வழக்கம் கப்பலில் வந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது. ஒரு வாரத்தில், நவம்பர் 4 அன்று, அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பெயர் வாங்கியது அவரிடமிருந்துதான். ராபர்ட் கிளைவ் 1753-இல் தாலி இல்லாத கல்யாணம் செய்துகொண்டதும் அங்கேதான். கும்பினியார் இந்தப் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். 1698 முதலான சென்னை மாகாண நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் வெள்ளைக்காரரும் கலப்பினத்தவருமே. நாட்றம்பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜோலார்பேட்டையின் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து தேடினாலும் முதலில் தட்டும் கதவு அதுதான்.

தமிழரின் பெயர்கள் தரங்கம்பாடியில் வருகின்றன. சீகன்பால்கும் புளூட்சாவும் 1706-இல் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவர்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானம் ஐந்து பேருக்கு; ஐவரும் டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். கடலூர்க்காரரான ஆறுமுகம் 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார், 1733-இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் போதகரும் ஆனார். தெற்கே பாளையங்கோட்டையில் 1780-இல் தொடங்கிய சபைப் பதிவேட்டில் இருந்தவை மொத்தம் நாற்பது பெயர்கள். தலைப்பெயர் குளோரிந்தா, தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை. திருநெல்வேலித் திருமண்டலம் தன் வயதை இன்றும் அந்த நாற்பது பெயரிலிருந்துதான் எண்ணுகிறது. ஒரு பெண்ணின் பெயரில் திறக்கும் பதிவேடு என்பது அந்தக் காலத்தில் அபூர்வம்.

புதுச்சேரி தனி ரகம். ஐரோப்பியருக்குக் கப்புச்சின் சாமியார்கள், தமிழருக்குச் சேசு சபையார் என்று ஊரே இரண்டு பங்காகப் பிரிந்து கிடந்தது. 1676 முதலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைச் சுருக்கி, கவர்னராக இருந்த ஆல்ஃபிரட் மார்த்தினோவும் எத்மோன் கோதாரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்டார்கள். இந்தியாவில் இப்படி அச்சேறிய பதிவேடுகள் குறைவு. இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றி ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904-இல் எழுதிய நூல், பட்டைப் பதனிடலைத் திருத்தமாகச் செய்யக் கற்றுவந்து சென்னைப் பக்கம் பரப்பியவர் சார்லஸ் டி சூசா என்ற புதுச்சேரிக் கலப்பினத்தவர் என்கிறது. தோல் தொழிலுக்கே வம்சாவளி தேடினாலும் புதுச்சேரிப் பதிவேட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

உள்நாட்டுக் கதை வேறு. நாட்றம்பள்ளி இருக்கும் பகுதி பாராமகால். திப்புவிடமிருந்து 1792-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் உட்கார்ந்து நிலத்தை அளந்தார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். நிலக்கணக்கு அப்போதே கச்சிதமாகிவிட்டது. மனிதக் கணக்கு மெல்லத்தான் வந்தது. அதிலும் ஒரே சபை எழுதவில்லை. மூன்று திசையிலிருந்து மூன்று பேர் எழுதினார்கள்.

ஒன்று, புதுச்சேரியிலிருந்து கிளம்பிய பாரிஸ் மிஷன் சாமியார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவிகள் சொல்லும் 1876–78 பஞ்சத்தில் சேலமும் வட ஆற்காடும் சுருண்டு விழுந்தன. சேத்துப்பட்டை மையமாக வைத்து வேலை செய்த தராஸ் சாமியாரிடம் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஆண்டுகளில்தான். கஞ்சித்தொட்டிக்குப் பக்கத்திலேயே ஞானஸ்நானத் தொட்டியும் இருந்தது என்று ஏளனம் பேசுவோர் உண்டு. பசியில் வந்தவர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வருஷங்களில் சாகக் கிடந்த பிள்ளைகளை மரண ஆபத்து என்று குறித்து எழுதிய வரிகளைப் படிக்கிறவருக்கு ஏளனம் வராது. பஞ்சத்தில் செத்த பல லட்சம் பேரில் பெயரோடு செத்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் கொஞ்சம் பேர் இந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள்.

இரண்டு, 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் இதே குடும்பத்துப் பேத்தி. மூன்று, லுத்தரன். தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானியர் லைப்சிக் மிஷனோடு உபதேச விஷயத்தில் முறைத்துக்கொண்டு வெளியேறி, அமெரிக்காவின் மிசௌரி சபைக்கு வேலை செய்யத் திரும்பி வந்தார்கள். 1895-இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் தொடங்கினார். ஆம்பூரும் வாணியம்பாடியும் அடுத்தடுத்து வந்தன. கிருஷ்ணகிரிக்கும் வாணியம்பாடிக்கும் நடுச்சாலையில் இருக்கும் நாட்றம்பள்ளிக்காரர், ‘எங்க தாத்தா வேதக்காரர்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வேதம் என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குப் பெயரே துப்புக் கொடுக்கும். தாத்தா பெயர் இராயப்பன் என்றால் கத்தோலிக்கர், பேதுரு என்றால் சீர்திருத்த சபை. இரண்டும் ஒரே சீடர். சின்னப்பனும் பவுலும் ஒருவர். அருளப்பன் யோவான், முடியப்பன் ஸ்தேவான், ஞானப்பிரகாசம் அலோசியுஸ், சூசை யோசேப்பு. வீட்டில் முடியப்பன் என்று கூப்பிட்டவரை சாமியார் இலத்தீனில் ‘ஸ்தெஃபானுஸ்’ என்று எழுதியிருப்பார். முடியப்பனைத் தேடிப் பத்து வருஷத்துப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, ‘இல்லை’ என்று எழுந்து போனவர்களின் கண்ணெதிரிலேயே ஸ்தெஃபானுஸ் இருந்திருப்பான்.

ஒரு பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளின் வாய்பாடு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் நாள், மாதம், வருடம். பிறகு ‘எகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ்’, அதாவது கீழே கையெழுத்திட்ட நான். ‘பாப்திசாவி’, ஞானஸ்நானம் கொடுத்தேன். யாருக்கு? இன்ன நாளில் பிறந்த இன்ன பெயருடைய குழந்தைக்கு. ‘ஃபிலியுஸ் லெஜித்திமுஸ்’, முறைப்படி பிறந்த மகன். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர். ‘பத்ரினுஸ்’, ஞானத்தகப்பன். கையெழுத்து. மொத்தம் நாலு வரி. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு மனப்பாடமாக எழுதிய வரிகள். அதனால்தான் பெயர்களைத் தவிர மற்றவை கிறுக்கலாக இருந்தாலும் படித்துவிடலாம். பெயர்தான் கழுத்தறுக்கும். பிரெஞ்சுச் சாமியாருக்கு ‘உ’ என்ற ஒலிக்கு ஓவும் யூவும் சேர வேண்டும், ‘ச’வுக்கு முன்னால் ஒரு டீ வேண்டும். சவரிமுத்துவும் சின்னத்தம்பியும் அவர் பேனாவில் வேறு ஆட்களாகிவிடுவார்கள். பிள்ளையின் பெயரையும் ஊரையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் நின்ற உபதேசியார். உபதேசியாரின் உச்சரிப்பும் அந்த எழுத்துக்குள் இருக்கிறது. ஊர்ப்பெயரைக் கேட்கவே வேண்டாம். நாட்றம்பள்ளி என்றும் நாட்டறம்பள்ளி என்றும் இன்றைக்கே நாம் இரண்டு விதமாக எழுதுகிறோம்.

அடுத்த முட்டுக்கட்டை நம்முடையது. ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நானூறு வருஷம் பின்னால் போய்விடுகிறார்கள். தமிழருக்கு இருப்பது இன்ஷியல், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அகரவரிசைப் பட்டியல் இருந்தாலும் அது ஞானஸ்நானப் பெயர் வரிசையில் இருந்தால், அந்தோணி மட்டுமே பல பக்கம். இதற்கு மாற்று நம் வழக்கத்திலேயே இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயரை விடுகிற பழக்கம் கிறிஸ்தவரானாலும் போகவில்லை. சூசையின் மகன் சவரிமுத்து, சவரிமுத்துவின் மகன் மறுபடி சூசை என்று பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பிவந்தால் சரியான கொடியைப் பிடித்துவிட்டோம் என்று பொருள். அதே பழக்கம் ஆளையும் கவிழ்க்கும். அண்ணன் தம்பி நான்கு பேரும் அப்பன் பெயரைத் தங்கள் மூத்த பிள்ளைக்கு விட்டிருந்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் நான்கு சூசைகள். அப்போது கைகொடுப்பவர் ஞானத்தகப்பன். அவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ நெருங்கிய சொந்தமாகவோ இருப்பார். முறை பார்க்க எழுதிவைத்த பெயர், நூறு வருஷம் கழித்து எந்தச் சூசை நம் சூசை என்று காட்டிக்கொடுக்கிறது.

பெண்களைத் தேடுவதுதான் இருப்பதிலேயே கடினம். கட்டிக்கொடுத்த பிறகு பிறந்த ஊர்ப் புத்தகத்தில் அவள் இல்லை. போன ஊர்ப் புத்தகத்தில் இன்னாரின் மனைவி. இங்கே உரோமையின் ஒரு பயம் உதவிக்கு வந்தது. ஒரு ஊரில் கல்யாணம் செய்தவர் இன்னொரு ஊரில் கன்னி கழியாதவராக வந்து நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? 1907-இல் வந்து 1908 உயிர்ப்பு ஞாயிறு முதல் நடைமுறையான சட்டம், திருமணம் நடந்த பங்கிலிருந்து ஞானஸ்நானம் நடந்த பங்குக்குத் தகவல் போக வேண்டும், அங்கே ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்றது. ஆக, 1908-க்குப் பிறகு மணமுடித்த ஒரு பாட்டியின் ஞானஸ்நான வரியைக் கண்டுபிடித்துவிட்டால், வரியைப் படிப்பதற்கு முன் ஓரத்தைப் படிக்க வேண்டும். வேறு மையில், வேறு கையெழுத்தில், பொடி எழுத்தில், அவள் எந்த ஊரில் யாரைக் கட்டினாள் என்பது அங்கே இருக்கலாம். இருவர் கல்யாணத்துக்கும் தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பதை நம் கத்தோலிக்கர் ‘ஓலை வாசிப்பது’ என்கிறார்கள். காகிதம் வந்து இத்தனை காலமாகியும் பேச்சில் ஓலை ஓலையாகவே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிட அழகான சொல் கிடைத்திருக்கிறது: தோம்பு. போர்த்துக்கேயச் சொல், ஒல்லாந்தர் காலத்தில் வேரூன்றியது. நிலத்துக்குக் காணித்தோம்பு இருந்ததுபோல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பள்ளித்தோம்பும் இருந்தது. பங்குப் பள்ளிக்கூட ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அதில் பதிந்தார். சொத்து யாருக்கு என்ற வழக்கு வந்தால் தோம்பைத்தான் திறந்து பார்த்தார்கள். அதனால்தான் ஞானஸ்நானம் வேண்டாதவர்களும் தோம்பில் பெயர் வேண்டுமென்று கோயில் படியேறினார்கள்.

நம் தோல் பட்டணங்களில் கிறிஸ்தவரைவிடப் பலமடங்கு அதிகம் முஸ்லிம்கள். அவர்களுக்கு இந்த வேலையைச் செய்வது ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர். மணமகன், மணமகள், இருவரின் தகப்பனார், பெண்ணுக்காக நின்ற வலி, சாட்சிகள், மஹர் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பிறப்பு இல்லை, இறப்பு இல்லை, திருமணம் மட்டும். ஆனாலும் மஹர் தொகையை வைத்தே ஒரு குடும்பம் எப்போது நொடித்தது, எப்போது நிமிர்ந்தது என்று ஊகிக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி தப்தர்களை வைத்து யாராவது தோல் வியாபாரத்தின் ஏற்ற இறக்கத்தை எழுதினால், ஏற்றுமதிப் புள்ளிவிவரம் சொல்லாததை அது சொல்லும்.

நாட்றம்பள்ளிக்காரர் தேடும்போது விழுகிற பெரிய பள்ளம் ஒன்று உண்டு. அது மாவட்ட எல்லை. இன்று அது திருப்பத்தூர் மாவட்டம். 2019-இல் பிரிவதற்கு முன் வேலூர் மாவட்டம், அதற்கும் முன் வட ஆற்காடு. அதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டுதான் வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள். அதே 1911-இல்தான் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவதும் நின்றது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி அதுவரை போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருக்கும் தழும்பு வரை எழுதினார்கள். டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரன் ‘வட ஆற்காடு’ என்று போட்டுத் தேடினால் இந்தத் தாலுகாவிலிருந்து போன கிழவர் அகப்பட மாட்டார். அவர் சேலம் ஜில்லாவில் இருக்கிறார். அங்கே போன தமிழ்க் கத்தோலிக்கரின் அடுத்த தலைமுறைக்கு டர்பனில் ஞானஸ்நானம் கொடுத்த பிரெஞ்சுக்காரர் சபோன் சாமியார், அவர்களுக்காகவே தமிழ் படித்தவர். கப்பல் பட்டியலில் அறுந்த நூல், சில சமயம் கடல் கடந்த கோயில் புத்தகத்தில் மறுபடி கிடைக்கும்.

திருச்சபையின் எல்லையும் இப்படித்தான் நகர்ந்தது. வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1952-இல்தான் உண்டானது. அதற்கு முந்திய காலத்துக்குச் சென்னையையும் புதுச்சேரியையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கல்லெறி தூரத்தில் இருக்கும் பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கோ 1930-இல் வந்த சேலம், 1997-இல் வந்த தர்மபுரி. சி.எஸ்.ஐ. வேலூர்ப் பேராயம் சென்னையிலிருந்து பிரிந்தது 1976-இல். கிறிஸ்தவத் திருமணங்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயில் பதிவின் நகல் அரசுப் பதிவுத்துறைக்கும் போயாக வேண்டும். பங்கில் கரையான் தின்ற பக்கம் சென்னையில் பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு.

இத்தனை தெரிந்துகொண்டு போனாலும் பங்கு அலுவலகத்தில் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். உங்கள் பெயருக்குச் சான்றிதழ் எழுதித்தருவார்கள், ஊரார் பக்கங்களைப் புரட்டவிட மாட்டார்கள். தேடி வந்தவருக்குக் கோபம் வரும். பதிவேட்டில் இருப்பது அவருடைய பாட்டன் மட்டும் இல்லையே. பல மிஷன் பதிவேடுகளில் சாதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. தத்தெடுத்த பிள்ளை உண்டு. தகப்பன் பெயர் எழுதாமல் விட்ட பிள்ளை உண்டு. தலித் குடும்பங்களுக்கு இதில் சோறு சம்பந்தப்பட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கோயிலில் நடந்த ஞானஸ்நானம் எடைபோடப்பட்டது. தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. பங்குச் சாமியார் அலமாரிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. வத்திக்கான் 2008-இல் மறைமாவட்டங்களுக்கு எழுதி, அமெரிக்காவின் மார்மன் சபை நடத்தும் வம்சாவளி நிறுவனத்துக்குப் பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. செத்தவர்களுக்கு அந்தச் சபை மறு ஞானஸ்நானம் கொடுக்கிறது என்ற மனத்தாங்கல் அது.

ஆனால் அலமாரியைப் பூட்டிவைப்பது வேறு, அலமாரிக்குள்ளேயே அழியவிடுவது வேறு. யாருக்கும் காட்டாமலே படமெடுத்து, பேராயத்திலோ மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலோ ஒரு நகலை வைக்கலாம். நூறாண்டு தாண்டிய பக்கங்களை மட்டும் ஆய்வாளருக்குத் திறக்கலாம். ஆவாரம்பட்டைத் தோல் காத்திருக்காது. 1901-லேயே அதன் ஆயுளைச் சொல்லிவிட்டார்கள்.

தேடப் போகிறவர்களும் வெறுங்கையோடு போகக் கூடாது. வீட்டுப் பெரிய பைபிளின் முதல் தாளில் பிறந்தநாள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லறைத் தோட்டத்துச் சிலுவையில் இருக்கும் தேதியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் எண்பது தாண்டிய அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் நான்கு கேள்விகள் கேட்டு எழுதிவையுங்கள்: தாத்தாவைக் கோயிலில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவருக்கு ஞானத்தகப்பன் யார், பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார், அவர்கள் கல்யாணத்துக்கு எந்தக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.